தொழில்: கூலி

ஊர் வரலாறு தேடிப் புறப்பட்டவர்களை ஊரார் இருவகையாக வரவேற்பர். ஒருசாரார், தம் குடும்பப் பெருமையை எழுத வந்தவர்கள் என்று எண்ணிக் கதிரை போட்டுத் தேநீர் தருவர். மற்றொருசாரார், காணி அளக்க வந்தவர்களோ என்று ஐயுற்று, படலையை அரைவாசி திறந்தபடியே நின்று பேசுவர். இரண்டையும் நாம் குறைகூற மாட்டோம். பழைய தாள் ஒன்றை ஒருவன் தேடுகிறான் என்றால் ஒன்று பட்டத்துக்காகத் தேடுவான், அல்லது வழக்குக்காகத் தேடுவான் என்பது எம் மக்கள் தம் அனுபவத்தாற் கண்டது. மூன்றாவது தேவை ஒன்றும் உண்டு என்பதை விளக்குவதற்கே எமக்குச் சில ஆண்டுகள் சென்றன.

புளியந்தீவிலே எமது சிறு குழு சனிக்கிழமை பிற்பகல்களிற் கூடுகின்றது. பெயர்ப்பலகை இல்லை, தலைவர், உபதலைவர், போஷகர் என்ற அலங்காரங்களும் இல்லை. ஆசிரியர் சிலர், ஓய்வுபெற்ற தபாற்கந்தோர் எழுதுவினைஞர் ஒருவர், பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்த தச்சுத் தொழிலாளி ஒருவர், உயர்தர வகுப்பு மாணவ மாணவியர் பத்துப் பன்னிருவர். இவ்வளவே எமது படை. தேநீருக்கும் பணிசுக்கும் ஆசிரியர்கள் முறைவைத்துப் பணம் தருவோம். தனியார் வகுப்புகள் சனிக்கிழமையை முழுவதுமாக விழுங்கிவிட்ட இக்காலத்தில், பரீட்சைக்கு ஒரு புள்ளியும் தராத வேலைக்குப் பிள்ளைகள் துவிச்சக்கர வண்டியில் வந்து சேர்வதே எமக்கு வியப்பு.

எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் நடுவே வாவியிற் கிடக்கும் இத்தீவின் வரலாறு கல்லிலும் சுண்ணாம்பிலும் எழுந்து நிற்கின்றது. போர்த்துக்கேயர் 1628 இற் கட்டிய கோட்டையை ஒல்லாந்தர் 1638 இற் கைப்பற்றினர். இலங்கையில் அவர்கள் கையில் வீழ்ந்த முதற்கோட்டை அதுவே. மெதடிஸ்த மதகுரு வில்லியம் ஓல்ட் 1814 இல் இங்கு வந்திறங்கிப் பள்ளிகளைத் தொடக்கி, மறு ஆண்டே மாண்டார். கல்லடிப் பாலம் 1924 இல் திறக்கப்பட்டு, ஆளுநர் மானிங்கின் துணைவியார் பெயரைப் பெற்றது. இவற்றையெல்லாம் எம் மாணவர் தூக்கத்திலும் ஒப்புவிப்பர். ஆனால் பாலம் வந்ததும் அந்தத் துறையில் அதுவரை மக்களைத் தோணியில் ஏற்றி இறக்கியவர்களின் பிழைப்பு என்னவாயிற்று என்று கேட்டால் வகுப்பறை மௌனமாகும். இத்தனைக்கும் அது மிகப் பழைய கதையன்று. மண்முனைத் துறையிற் பாலம் திறக்கப்பட்டது 2014 இலேதான். அங்கு துறை கடந்து பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கு நாமே பாடம் சொல்லியிருக்கின்றோம்.

எமக்கு முன்னோர் இல்லாமலில்லை. எஸ். ஓ. கனகரத்தினம் 1921 இல் மட்டக்களப்பு மாவட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் தந்தார். ஏட்டுச் சுவடிகளில் வழங்கிய மட்டக்களப்பு மான்மியத்தை எப். எக்ஸ். சி. நடராசா 1962 இற் பதிப்பித்தார். வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964 இல் வெளிவந்தது. இன்று ஆய்வுக்கு நிதி, பயணப்படி, ஒலிப்பதிவுக் கருவி என்றெல்லாம் பேசுகின்றோம். அன்று வீடு வீடாக ஏறி ஏடு கேட்டு, எழுத்துத் தெரியாத இடத்தில் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு படித்த அத்தமிழறிஞர்களின் உழைப்பு இல்லாவிடின் எமக்கு நிற்க நிலமே இருந்திராது.

ஆயினும் பெற்ற சொத்தை எண்ணிப் பார்க்கவேண்டியது பிள்ளையின் கடமை. மான்மியம் யாருடைய கதை? அரசர் வந்த கதை, வன்னிமை பிரிந்த கதை, எந்தக் கோயிலில் எந்தக் குடிக்கு எந்த வரிசை என்ற கதை. முதல் மரியாதை பெற்றவர் அதில் உண்டு. இழிந்த ஊழியம் என்று ஒதுக்கப்பட்டதைச் செய்தவரும், ‘இன்ன சாதிக்கு இன்ன கடமை’ என்ற அளவில் உண்டு. அந்த ஊழியத்தைச் செய்தவன் எப்படிச் செய்தான், அதற்கு என்ன பெற்றான், மறுத்தபோது என்ன நடந்தது என்பன அதில் இல்லை. நிலமானியச் சமுதாயம் தன் கணக்கைத் தானே எழுதிக்கொண்டால் அப்படித்தான் எழுதும். (மட்டக்களப்பிற் ‘கல்வெட்டு’ என்றால் பெரும்பாலும் கல்லில் வெட்டியது அன்று, கோயிலுரிமையையும் குலமுறையையும் சொல்லும் ஏட்டுப் பாடலையே அவ்வாறு வழங்குவர். ஈழத்தின் பிற பகுதிகளில் இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் அச்சிட்டு வழங்கும் சிறுநூலுக்கும் இதே பெயர். ஓலையானாலும் தாளானாலும் கல்லென்று சொல்லிக்கொள்வதில் எம்மவர்க்கு ஒரு விருப்பம்.)

பழைய தாள்கள் எங்கே என்று கேட்போருக்கு எமது மாவட்டம் மூன்று விடைகளைத் தரும். 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளி. மூன்று தசாப்தப் போர். 2004 டிசெம்பர் 26 ஆம் திகதிக் கடற்கோள். இம்மூன்றுக்கும் தப்பியதைக் கறையானும் வாவியின் ஈரக்காற்றும் பார்த்துக்கொண்டன. இடம்பெயர்ந்து ஓடிய மக்கள் எதைக் கையில் எடுத்தார்கள் என்று விசாரித்தோம். காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டை. அநேகமாக எல்லா வீட்டிலும் இதே விடைதான். அண்ணாவியாரின் கூத்துக் கொப்பியையும், மீன் கடனெழுதிய சிட்டையையும், மகன் கொழும்பிலிருந்து எழுதிய கடிதத்தையும் எவர் தூக்கிக்கொண்டு ஓடுவார்? ஆகவே அரசாங்கத்துக்கு மக்களைப் பற்றித் தெரிந்திருக்கவேண்டியது எஞ்சியது. மக்கள் தம்மைப் பற்றித் தாமே எழுதிக்கொண்டது அழிந்தது. இந்த நிலைமையிலேதான் ஒரு பாடசாலையின் அலுமாரி அடித்தட்டிற் கிடந்த சேர்விடாப்புகள் எம் கண்ணிற் பட்டன.

சேர்விடாப்பு என்பது ஆசிரியர்களுக்கு அன்றாடப் பொருள். சேர்விலக்கம், பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, தந்தை அல்லது பாதுகாவலர் பெயர், அவர் தொழில், முகவரி, சமயம், சேர்ந்த வகுப்பு, விலகிய திகதி, விலகிய காரணம் என்று பத்தி பத்தியாகக் கோடிட்ட பெரிய புத்தகம். விடுகைப் பத்திரம் எழுதும்போதன்றி அதை எவரும் திறப்பதில்லை. பாடசாலையின் இசைவுடன், பெயர்களை வெளியிடுவதில்லை என்ற உறுதியின்பேரில், பழைய இடாப்புகளைப் பிரதிசெய்யத் தொடங்கினோம். ஒருவர் வாசிப்பார், இருவர் எழுதுவர், ஒருவர் ஒப்புநோக்குவார். தூசியால் தும்மல் ஓயாது. இரண்டு மணி நேரத்தில் நான்கு பக்கம் முடிந்தால் அன்று நல்ல நாள்.

மாணவர்களின் கவனம் தாமாகவே ‘தொழில்’ என்ற பத்தியில் நிலைத்தது. இடையிடையே கிளாக்கர், ஆசிரியர், வியாபாரம் என்று வரும். மீன்பிடி, தச்சு, கமம், சலவை என்றும் வரும். அதன்பின் பக்கத்துக்குப் பக்கம் ஒரே சொல்: கூலி. அதற்குக் கீழே ‘மேற்படி’. அதற்குக் கீழேயும் ‘மேற்படி’. வாசித்துக்கொண்டிருந்த மாணவி நிமிர்ந்து, “சேர், கூலி எண்டு ஒரு தொழில் இருக்கா? இவங்கெல்லாம் என்னதான் செஞ்சாங்க?” என்று கேட்டாள். எமது குழுவின் அடுத்த இரண்டு ஆண்டு வேலையும் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான்.

இடாப்பிலே முகவரி இருந்தது. ஒழுங்கை ஒழுங்கையாகப் பட்டியல் எழுதிக்கொண்டு பிள்ளைகள் இருவர் இருவராகச் சென்றனர். அந்த இடாப்பிற் குழந்தைகளாகப் பதிவானவர்களில் இன்றும் இருப்போர் எண்பதைக் கடந்தவர்கள். அவர்களிடம் “ஐயா, உங்கட அப்பா என்ன வேல செஞ்சவர்?” என்று கேட்டாற் போதும். “கூலிதான் மனே” என்று முதலிற் சொல்வார்கள். எழுத்திலுள்ளதையே வாயும் சொல்லப் பழகியிருக்கின்றது. சற்றுப் பொறுத்திருந்து, “காலையில எழும்பி எங்க போவார்?” என்று கேட்கவேண்டும். அப்பொழுது ‘கூலி’ என்ற அச்சொல் உடைந்து அதற்குள்ளிருந்து தொழில்கள் ஒவ்வொன்றாக வெளிவரும்.

துறையில் மூட்டை இறக்கியவர், பாரவள்ளத்தைக் கோலூன்றித் தள்ளியவர், கண்டற்காட்டில் விறகு வெட்டியவர், கிடுகு பின்னி விற்றவர், வாவியிற் சிப்பி அள்ளிச் சூளையிட்டுச் சுண்ணாம்பு எரித்தவர். போக காலத்திற் படுவான்கரைக்குப் போய்ப் போடியாரின் வட்டையில் முல்லைக்காரன் சொற்படி கதிர் வெட்டியவர். ஒரே மனிதர் ஓராண்டுக்குள்ளேயே இவற்றில் நான்கைந்தைச் செய்திருப்பார். ஒவ்வொன்றுக்கும் தனி அறிவு வேண்டும். சூடு வைப்பதை எடுத்துக்கொள்வோம். வெட்டிய கதிர்க்கட்டுகளைக் கதிர்த்தலை உள்ளும் அடித்தாள் வெளியுமாக வட்டமாக அடுக்கிக்கொண்டுபோய், மழைநீர் வழிந்தோடக் கூம்பாக முடிக்கவேண்டும். அடுக்குப் பிசகினால் நீர் உள்ளிறங்கி ஒரு குடும்பத்தின் ஆண்டுச் சோறு முளைத்துப்போகும். சுண்ணாம்புச் சூளையோ புகையின் நிறம் பார்த்து நெருப்பை அடக்கும் வித்தை. சிப்பியும் விறகும் மாறி மாறி அடுக்கி எரித்து, வெந்ததன்மேல் நீர் தெளித்துப் பொடியாக்கி, சல்லடையில் அரித்து, கட்டடத்துக்கு வேறு, வெற்றிலைக்கு வேறு என்று பிரிப்பார்களாம். இத்தனை அறிவையும் ஒருசேர அழித்து ‘கூலி’ என்று எழுதிய பேனா தலைமையாசிரியருடையது. அவரும் எம்மைப்போலத் தமிழ் படித்தவராகவே இருந்திருப்பார்.

‘விலகிய காரணம்’ என்ற கடைசிப் பத்தியும் சிறிதன்று. அங்கே வறுமை என்ற சொல் எமக்கு ஓரிடத்திலும் அகப்படவில்லை. ‘வரவின்மை’ என்றே இருக்கின்றது. பிள்ளை ஏன் விலகியது என்ற கேள்விக்குப் பிள்ளை வரவில்லை என்பது விடை! திகதிகளை வரிசைப்படுத்தியபோது, அவை மாசி பங்குனி மாதங்களில், அதாவது மாரி வெள்ளாமை வெட்டும் காலத்தில், கொத்தாகக் குவிந்து கிடந்தன. தாயும் தந்தையும் வெட்டுக்குப் போக, மூத்த பிள்ளை சின்னதைப் பார்க்க வீட்டில் நின்றிருக்கும். அத்துடன் அதன் படிப்பு முடிந்தது. பெண்பிள்ளைகளின் பெயர்கள் ஐந்தாம் வகுப்போடு உதிர்வதற்குக் காலமும் தேவைப்படவில்லை. இதைக் கண்டபின் நாம் எமது வகுப்பு வரவிடாப்பை முன்போல் மூடிவைக்க இயலவில்லை. தாய் மத்திய கிழக்கிலே வீட்டுப் பணியில் இருக்க, அம்மம்மாவிடம் வளரும் பிள்ளை வாரத்தில் இரண்டு நாள் வராதிருந்தால், நாம் எழுதுவதும் அதே ‘வ’ கழித்த வெற்றுக் கோடுதானே.

நிற்க. பிள்ளைகள் கொண்டுவந்த பேச்சை எந்தத் தமிழில் எழுதுவது என்பதில் எமக்குள் ஒரு சண்டை மூண்டது. அறுபதுகளின் தொடக்கத்தில் ‘இழிசனர் வழக்கு’ என்று பண்டிதர் ஒருபுறமும், மக்கள் மொழி என்று முற்போக்கு எழுத்தாளர் மறுபுறமும் நின்று ஈழத்து இலக்கிய உலகில் நடத்திய போரை வாசகர்கள் அறிவர். அது முடிந்துவிட்டது என்று நாமும் பட்டதாரி வகுப்பிற் படித்தோம். எமது ஓய்வுபெற்ற எழுதுவினைஞரோ, “எழுதிறதெண்டா ஒழுங்கா எழுதோணும்; நாளைக்குப் படிக்கிறவன் எங்களப் பற்றி என்ன நினைப்பான்?” என்று பிடிவாதமாக நின்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. எழுதப்படும் மனிதரே தம் சொல் திருத்தமாக இருக்கவேண்டும் என்று விரும்பக்கூடும். இறுதியில் இடப்பக்கத்திற் பேசியபடியும் வலப்பக்கத்தில் எமது விளக்கமுமாக எழுதுவதென்று முடிவாயிற்று. இப்போது இடப்பக்கத்தை எல்லோரும் படிக்கின்றனர். வலப்பக்கத்தை அதை எழுதியவர் மட்டுமே படிக்கின்றார்.

தச்சுத் தொழிலாளி நண்பர் எமக்குத் தந்த செல்வம் வேறு. அவர் பாட்டனார் வீட்டிற் பேசியது போர்த்துக்கேயக் கிரியோல். பேரப்பிள்ளைகள் பேசுவது தமிழ். எழுபதுகளில் இயன் ஸ்மித் என்ற மொழியியலாளர் மட்டக்களப்பில் அம்மொழியை ஆராய்ந்து எழுதினார். ‘டச்பார்’ பகுதிக் குடும்பங்களைக் கடற்கோள் சிதைத்தது. பலர் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டனர். ஒருநாள் நண்பர் சிரித்துக்கொண்டே, நாம் இருக்கும் கதிரை, மாணவர் இருக்கும் வாங்கு, எழுதும் மேசை, இடாப்புக் கிடந்த அலுமாரி, அதைத் திறந்த சாவி எல்லாமே அந்த மொழி தந்த சொற்கள் என்று விரலை மடக்கி எண்ணிக் காட்டினார். தனித்தமிழ்ப் பற்றுடைய எம் மாணவன் ஒருவனின் முகம் அப்போது பார்க்கவேண்டியதாயிருந்தது.

தொழில் செய்வோரே தம் தொழிலின் வரலாற்றை எழுதுவது புதுமையன்று. இங்கிலாந்தில், தொழிற்சங்கங்களிலிருந்து கற்க வந்த தொழிலாளர் நிறைந்த ரஸ்கின் கல்லூரியில், ராபியேல் சாமுவேல் 1967 இல் வரலாற்றுப் பட்டறையைத் தொடக்கினார். சுவீடனில் ஸ்வென் லிண்ட்க்விஸ்ட், ‘நிற்கும் இடத்திலே தோண்டு’ என்னும் பொருளுடைய பெயரில் 1978 இல் ஒரு நூல் எழுதினார். கம்பனி வரலாற்றை முதலாளியின் பார்வையில் எழுத ஆளுண்டு, ஆனால் வேலையை அறிந்தவன் தொழிலாளியே, ஆகவே ஆராய்ச்சியை அவன் கையில் எடுக்கட்டும் என்பது அவர் வாதம். சீமெந்து ஆலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, எந்தத் தாளை எங்கே தேடுவது என்பதுவரை சொல்லிக்கொடுத்தார். எமது நாட்டில், 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் தொண்டர்களின் உழைப்பாலேயே வளர்ந்தது. 1962 இலும் 1964 இலும் வந்த அந்த இரு நூல்களையும் எம் பிள்ளைகள் கைத்தொலைபேசியிற் படிக்கின்றனர் என்றால் அது அத்தொண்டர்களால்தான். ஆயினும் அச்சில் வந்ததைக் காப்பது ஒரு வேலை; அச்சுக்கு ஒருநாளும் வராதவனிடம் போய் அமர்வது இன்னொரு வேலை. மீன் பாடுகிறதா என்று கேட்க எமது வாவிக்குத் தொலைதூரத்திலிருந்து அறிஞர்கள் வந்திருக்கின்றனர். அருட்தந்தை லாங் ஐம்பதுகளில் அவ்வொலியைப் பதிவும் செய்தார். அதே இரவில் அதே நீரில் வீச்சுவலையோடு நின்றவனிடம் எவரும் ஒலிவாங்கியை நீட்டவில்லை.

இடாப்பு எம்மைக் காத்தான்குடிக்கும் இட்டுச்சென்றது. நெசவாளர் பெயர்கள் சில அதில் இருந்தன. கைத்தறி ஓட்டிய முதியவர் ஒருவர், தாய்வழியாகக் குடி எண்ணும் வழக்கம் தமக்கும் எமக்கும் ஒன்றே என்பதை, அது ஆராய்ச்சி நூல்களில் எழுதப்பட்டிருப்பதை அறியாமலே, தம் உறவுமுறையைக் கொண்டு விளக்கினார். அதன்பின் பேச்சுத் தானாகவே 1990 க்குப் போயிற்று. அவ்வாண்டு ஓகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் இருந்தவர்கள் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 9 ஆம் திகதி சத்துருக்கொண்டானிலே தமிழ்க் கிராமத்தவர் கொல்லப்பட்டனர். எமது காலவரிசைக் கொப்பியில் இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதவேண்டும் என்று மாணவர்கள் கேட்டபோது, “தொழில் வரலாறு எழுத வந்த நமக்கு இது ஏன்?” என்று பெரியவர் ஒருவர் தடுத்தார். தறியும் தோணியும் அந்த ஆண்டோடு ஏன் நின்றன என்பதற்கு வேறு எந்தப் பக்கத்தில் விடை எழுதுவது என்று மாணவி ஒருத்தி கேட்டாள். ஒரே பக்கத்தில் எழுதினோம்.

கொப்பிகள் ஏழு சேர்ந்தன. அச்சிடப் பணமில்லை. அப்பொழுதுதான் பெரியவர் ஒருவர், செல்வர், நல்ல மனமும் உடையவர், முழுச் செலவையும் ஏற்பதாக முன்வந்தார். இரண்டு நிபந்தனைகள். முதலதிகாரம் அவர் குடியின் வரலாறாக இருக்கவேண்டும், அது எதிர்பார்த்ததுதான். இரண்டாவது நிபந்தனையே எம்மைத் தடுமாறச் செய்தது. இடாப்பைப் பற்றிய பகுதியை நீக்கவேண்டும் என்றார். “அந்தப் பிள்ளைகளுக்குப் பிறந்ததுகள் இண்டைக்கு டொக்டர், இஞ்சினியர். அவங்கட பூட்டன் கூலி எண்டு புத்தகத்தில போட்டு நீங்க என்னத்தக் காணப்போறீங்க?” என்று கேட்டார்.

இக்கேள்வியை அகந்தை என்று தள்ளிவிட எம்மால் முடியவில்லை. பெயர் இல்லாவிடினும், சிறிய ஊரில் ஒழுங்கையைச் சொன்னால் வீடு தெரிந்துவிடும். வெட்கப்படவேண்டியது அச்சொல்லை எழுதிய சமுதாயமே என்று கொள்கை பேசுவது எளிது. கலியாணம் பேசும் வீட்டில் அந்த வெட்கத்தைச் சுமப்பது வேறொருவர். மூன்று சனிக்கிழமைகள் வாதித்தோம். பணத்தை ஏற்பதில்லை என்றும், ஒவ்வொரு வீட்டைப் பற்றி எழுதியதையும் அந்த வீட்டாருக்கே வாசித்துக் காட்டி, அவர்கள் வேண்டாம் என்பதை நீக்குவதென்றும் தீர்மானமாயிற்று. இருவர் குழுவைவிட்டு விலகினர். அவர்களில் ஒருவர் எமக்கு ஏடு வாசிக்கக் கற்பித்தவர். வீதியிற் காணும்போது இன்றும் அன்போடு பேசுவார். சனிக்கிழமையைப் பற்றிப் பேசமாட்டார். புத்தகம் இன்னும் வரவில்லை.

வாசித்துக் காட்டும் வேலை எழுதியதைவிட நீளமாகிவிட்டது. நீக்கச் சொன்ன வீடுகள் சில உண்டு, நீக்கினோம். கூட்டச் சொன்ன வீடுகள் அவற்றிலும் அதிகம். சுண்ணாம்பு எரித்தவரின் மகள், கண்பார்வை மங்கிய மூதாட்டி, திண்ணையிற் சாய்ந்திருந்து முழுவதையும் கேட்டார். சூளை அடுக்கும் முறை வந்தபோது தலையசைத்தார். முடிந்ததும் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

“அப்பாட வேலய வடிவா எழுதியிருக்கீங்க மனே. சிப்பி அள்ளினது அம்மா. தண்ணிக்குள்ள குந்திக் குந்தி காலெல்லாம் வெடிச்சுப்போய்க் கிடக்கும். அரிச்சதும் அம்மா, கடகத்தில தூக்கிக்கொண்டு போய் வித்ததும் அம்மா. அவட வேல எங்க எழுதியிருக்கு?”

இடாப்பில் ‘தந்தை அல்லது பாதுகாவலர் தொழில்’ என்றுதான் பத்தி இருந்தது. பிள்ளைகள் கொண்டுபோன கேள்வித்தாளும் அதைப் பார்த்தே தயாரானது. அன்று மாலையே மாணவிகள் அடிக்கோலை வைத்து எல்லாக் கொப்பிகளிலும் ஓரத்தில் இன்னொரு பத்தி கோடிட்டனர். அடுத்த சனிக்கிழமை முதல் அதே ஒழுங்கைகளுக்கு, அதே பட்டியலோடு, முதல் வீட்டிலிருந்து மீண்டும் போகத் தொடங்கியிருக்கின்றோம்.